மேலப்பாளையத்துச் சபராளி

சாட்சி சொல்ல வந்த இடத்தில் ஃபர்ஹத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. துப்பட்டா நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா, சொன்னா நாங்களும் சேந்து சிரிப்போம்லா?" என்றார்.

விஷயம் இதுதான். சீவலப்பேரியில் அப்பாத்துரை என்பவருக்கு ஓர் அரிசி ஆலை இருந்தது. ஆலையின் பின்புறம் வாய்க்கால். ஆலை மண் வாய்க்காலுக்குள் சரிந்துவிடாமல் இருக்க, பேச்சிராஜ் என்ற காண்டிராக்டரிடம் சொல்லி ஒரு தாங்குசுவர் கட்டினார். பேச்சிராஜிடம் சைட் இன்ஜினியராக இருந்தவள் ஃபர்ஹத். மேலப்பாளையத்துப் பெண், சிவில் படித்தவள். வெயிலுக்குத் துப்பட்டாவுக்கு மேலே தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு சாரத்தில் ஏறி இறங்குவாள். மார்கழியில் ஆறு பெருகி ஊரெல்லாம் வெள்ளக்காடானபோது அந்தச் சுவர் வாய்க்காலுக்குள் குப்புற விழுந்துவிட்டது. சுவர் மோசம் என்றார் அப்பாத்துரை. வெள்ளம் கடவுள் செயல், நான் என்ன செய்ய என்றார் பேச்சிராஜ். கோர்ட்டுக்கு அலைவதைவிட அந்த நீதிபதியை நடுவராக வைத்துப் பேசி முடிப்போம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு, பாளையங்கோட்டையில் ஒரு லாட்ஜின் கூட்ட அறையில் விசாரணை நடந்தது.

ஆலைக்காரர் பக்கத்து வக்கீல் கரோலின். ஃபர்ஹத்தைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"சுவர் நல்லாத்தான் இருந்துதுன்னு சொல்லுதீங்க?"

"ஆமா மேடம்."

"நல்லான்னா?"

"நல்லான்னா, தரமா."

"தரம்னா?"

ஃபர்ஹத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. தாங்குசுவருக்கு உண்டான இந்தியத் தர விதியின் எண்ணை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"அந்த நம்பர் இந்த ஒப்பந்தத்துல எங்க இருக்குன்னு காட்டுங்க."

ஃபர்ஹத் ஒப்பந்தத்தைப் புரட்டினாள். முன்னும் பின்னும் புரட்டினாள். 'நல்ல முறையில் கட்டித் தரப்படும்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. வேறொன்றும் இல்லை. அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"மன்னிச்சுக்கிடுங்க சார்," என்றாள் நீதிபதியிடம். "மாசக்கணக்கா இந்தச் சுவரக் கட்டினோம். கம்பி எத்தன, ஜல்லி எத்தனன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அது எப்படி இருக்கணும்னு ஒருத்தரும் ஒரு இடத்துலயும் எழுதலயே! நானும் இப்பத்தான் பாக்கேன்."

பேச்சிராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டார். நீதிபதி வாய்விட்டே சிரித்தார்.

பிறகு அவள் உள்ளதைச் சொன்னாள். சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறும் தண்ணீர் வடிவதற்காகச் சுவரில் வரிசையாகத் துளை விட்டிருந்தார்கள். அது வழியாகப் பெருச்சாளி ஏறி வந்து நெல்லைத் தின்னும் என்று ஆலைக்காரர் அடைக்கச் சொன்னார். பேச்சிராஜும் சரி என்று அடைத்துவிட்டார். வெள்ளத்தன்றைக்கு வடிய வழியில்லாமல் தேங்கிய தண்ணீர் சுவரைத் தள்ளிவிட்டது. வேண்டாம் என்று அவள் இரண்டு பேரிடமும் வாயால் சொன்னதோடு சரி. "மழைய அனுப்புனது கடவுள்தான் சார். ஓட்டைய அடச்சது நாங்க."

நஷ்டத்தை ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொள்ளும்படி தீர்ப்பாயிற்று. கோபப்படுவார் என்று நினைத்த பேச்சிராஜ், வெளியே வந்ததும், "ஏ தாயி, எனக்குச் சாட்சி சொல்லுன்னு கூட்டிட்டு வந்தா, ரெண்டு பேருக்கும் சேத்துல்லா சொல்லிட்ட!" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

டவுன் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதும் ஃபர்ஹத்துக்கு அந்தக் கேள்விதான் காதில் ஓடியது. நல்லான்னா? ஒரு சொல்லை யாரும் தொட்டுப் பார்க்காமல் விட்டதால் ஒரு சுவர் பாதி இவருக்கும் பாதி அவருக்கும் சொந்தமாகிப் போனதே! தோற்றுப்போன மாதிரியே இல்லை. யாரோ ஒரு புது அறையின் கதவைத் திறந்து காட்டியதுபோல் இருந்தது.

அடுத்த வாரமே கரோலினின் அலுவலகத்தைத் தேடிப் போனாள்.

"மேடம், அந்தக் கேள்விய எப்படி யோசிச்சுப் பிடிச்சீங்க?"

கரோலின் கண்ணை விரித்தாள். "பிடிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுவர் நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்னு எனக்கு நெசமாவே தெரியல. அதான் கேட்டேன்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த சிரிப்பிலேயே 'மேடம்' 'அக்கா' ஆகிவிட்டது. அதன் பிறகு கட்டட வழக்கு எது வந்தாலும் கரோலின் ஃபர்ஹத்தைக் கூப்பிட்டு, தூண் என்றால் என்ன, உத்திரம் என்றால் என்ன என்று கேட்டுக்கொள்வாள். பதிலுக்கு ஃபர்ஹத், தீர்ப்புகளை வாங்கிக்கொண்டு போய் வாசிப்பாள். ஒருநாள் கரோலின்தான் பேச்செடுத்தாள்.

"ஸ்காட்லாந்துல ஒரு யுனிவர்சிட்டியில கட்டுமானச் சட்டம்னு ஒரு முதுகலைப் படிப்பு இருக்கு. சட்டம் படிச்சவங்களத்தான் எடுக்கணும்னு இல்ல, இன்ஜினியரையும் எடுக்காங்க. முழு ஸ்காலர்ஷிப்பும் உண்டு. போட்டுப் பாரேன்."

மேலப்பாளையத்தில் வெளிநாட்டுப் பயணத்துக்கு 'சபர்' என்று பெயர். போகிறவன் சபராளி. அந்தச் சொல்லுக்கு அந்த ஊரில் ஆண்பால் மட்டும்தான் வழக்கம். ஆண்கள் சபர் போவார்கள், பெண்கள் வழியனுப்புவார்கள். ஃபர்ஹத்தின் வாப்பா பீர் மைதீனே சவூதியில், தம்மாமில் இருபது வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, இப்போது கடைத்தெருவில் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிறவர். மகள் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு வந்த சந்தேகம் வேறு.

"படிக்கப் போறதுக்கு அவன் எதுக்கு காசு குடுக்கான்? அங்க போயி நாம உழைச்சாத்தான குடுப்பான்? இருபது வருசத்துல ஒருத்தன் எனக்குச் சும்மா ஒரு டீ வாங்கித் தந்ததில்ல."

"நல்லாப் படிக்கிறவங்களுக்குக் குடுக்காங்க வாப்பா."

"ஏதோ தப்பு இருக்கு. பாத்துப் பைய செய்யி," என்றார். ஆனால் அன்றைக்கே கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், எம் மவ ஸ்காட்லாந்துக்குப் போடுதா என்று சொல்லவும் தொடங்கிவிட்டார்.

முதல் தடவை கிடைக்கவில்லை. அந்த விண்ணப்பத்துக்கு எழுதிய கட்டுரையை அவள் கரோலினிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, கரோலின் கடைசிவரை படித்துவிட்டு, "உலகம், எதிர்காலம், வளர்ச்சி எல்லாம் இருக்கு. இதுல ஒரு சுவரக்கூடக் காணோமே!" என்றாள். மறுவருஷம் ஃபர்ஹத் பெருச்சாளியில் தொடங்கினாள். சீவலப்பேரி, அரிசி ஆலை, அடைபட்ட துளை, நாலு பக்க ஒப்பந்தம், தன் சிரிப்பு எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதினாள். நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது.

நேர்காணல் இணையத்தில், மத்தியான நேரம். அன்றைக்கென்று பக்கத்து வீட்டில் நிக்காஹ். ஒலிபெருக்கியில் பாட்டு தெருவையே தூக்கிக்கொண்டு போனது. கணினித் திரையில் மூன்று முகங்கள் தோன்றிய நிமிஷம், வாப்பா சட்டையைக்கூட மாட்டாமல் ஓடினார்.

"ஏலே, கொஞ்ச நேரம் நிறுத்துங்கலே! எம் மவ ஸ்காட்லாந்துக்காரன்ட்ட பேசிட்டு இருக்கா!"

கல்யாண வீடு முழுக்கக் கப்பென்று அடங்கியது. பிரியாணி தேக்சாவைக் கிண்டிக்கொண்டிருந்தவர்கூட கரண்டியை மெதுவாக வைத்தார்.

உள்ளே, நடுவில் இருந்த அம்மையார் கேட்டார்: நீங்கள் பொறியாளர். சட்டம் எதற்கு?

ஃபர்ஹத் எழுதி வைத்துப் பழகிய பதிலெல்லாம் மறந்துபோயிற்று. மனதில் இருந்ததைச் சொன்னாள். "சுவர் விழுந்தால் ஏன் விழுந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியும். விழுந்தது யாருடைய பொறுப்பு என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஊரில் இதில் ஒன்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் எல்லோரும் கடவுள்மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்."

மூவரும் சிரித்தார்கள். பிறகு பெருச்சாளி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டார்கள். கையை விரித்துக் காட்டினாள். நம்பவில்லை.

இதற்குள் வெளியே வேறொரு கதை ஓடத் தொடங்கியிருந்தது. வாப்பா கத்தியதைப் பாதி கேட்ட யாரோ, ஃபர்ஹத்துக்கு ஸ்காட்லாந்து மாப்பிள்ளை பேசுகிறார்கள் என்று சொல்லி, அது தெருத்தெருவாகப் போய், சாயங்காலத்துக்குள் ஆமிரின் காதுக்கு எட்டிவிட்டது. அது எட்டக்கூடாத காது. ஏனென்றால் ஃபர்ஹத்துக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையே அவன்தான்.

ஆமிர் ஷார்ஜாவில் குளிர்பதனக் கிடங்குகளில் மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பி, ஊரிலேயே ஏ.சி. பழுதுபார்க்கும் கடை போட்டவன். செப்புக் குழாய் வாங்க வாப்பாவின் கடைக்கு வந்து வந்து, வேண்டாத நாளிலும் குழாய் வாங்கியவன். அவன் வாங்கிய குழாயை நீட்டிப் பிடித்தால் பாபநாசம் வரைக்கும் போகும் என்று வாப்பா கேலி செய்வார். அவன் ஃபர்ஹத்துக்குப் போன் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

"உனக்கு... வேற மாப்பிள்ளையாமே?"

ஃபர்ஹத் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. நடந்ததைச் சொன்னாள்.

"படிப்புதானா? அப்ப சரி," என்றான் நிம்மதியாக.

அவன் அவசரப்பட்டுவிட்டான். சில வாரங்களில் ஸ்காலர்ஷிப் கிடைத்த செய்தி வந்தது. படிப்புச் செலவு, தங்குமிடம், விமானச் சீட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு. உம்மா ஆபிதா பீவி ஃபர்ஹத்தின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டாள். வாப்பா கடையைப் பூட்டாமலேயே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். எல்லாம் அடங்கிய பிறகுதான் யாருக்கோ நினைவு வந்தது. படிப்பு செப்டம்பரில் தொடங்குகிறது. நிக்காஹ் வைத்திருப்பது அக்டோபரில்.

ஃபர்ஹத்தே ஆமிரிடம் சொன்னாள். அவன் விரல்விட்டு மாதத்தை எண்ணிப் பார்த்தான். பிறகு, "உம்மாட்ட சொல்லணும்," என்றான்.

எல்லோரும் பயந்தது அங்கேதான். ஆமிரின் உம்மா பெயர் சித்தி ஜனாபா; 'சித்தி' உறவுமுறை இல்லை, பெயரிலேயே இருப்பது. அவள் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவள் வாயைத் திறந்தால் மீன்காரர் தராசைச் சரிபார்த்துக்கொள்வார். நிச்சயத்தன்றைக்கே, "பொண்ணு வெயில்ல நின்னு வேல பாக்கணுமா?" என்று கேட்டவள். இப்போது மழைக்கும் பனிக்கும் போகிறேன் என்றால் சும்மா இருப்பாளா?

மறுநாள் காலை ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் சித்தி ஜனாபா இறங்கினாள். கையில் ஒரு டிபன் கேரியர். வாப்பா பனியனோடு எழுந்து நின்றார். உம்மா, "வாங்க மயினி, உக்காருங்க," என்றாள். சித்தி ஜனாபா உட்காரவில்லை.

"எங்க அவ?"

ஃபர்ஹத் வந்து நின்றாள்.

"எத்தன வருசம்?"

"ஒரு வருசம் மாமி."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான் மாமி."

சித்தி ஜனாபா திரும்பினாள். "ஆபிதா, ஒங்க வீட்டுக்காரரு எத்தன வருசம் அங்கன கெடந்தாரு?"

"இருபது மயினி."

"எங்க வீட்டுக்காரரு பதினாறு. நிக்காஹ் முடிஞ்ச மருதாணி அழியல, ஏறிட்டாரு. ஆமிரு பொறந்து, நடந்து, ஓடி விழுந்து பல்ல ஒடச்ச பொறவுதான் வந்து புள்ளையப் பாத்தாரு. அப்ப ஒருத்தராவது என்னட்ட வந்து, ஏ பிள்ள, நீ காத்திருப்பியான்னு கேட்டாங்களா? ஒன்ட்ட கேட்டாங்களா?"

"யாரு கேட்டா?" என்றாள் உம்மா. அவளுக்கும் குரல் ஏறிவிட்டது.

"இங்க என்னன்னா, எம் மவன் நேத்து ராத்திரி சோறு திங்காம மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்கான். எதுக்குன்னு கேட்டா ஒரு வருசமாம்! ஒரு வருசம் ஒரு காத்திருப்பா? நம்ம ஊருல அதுக்குப் பேரு லீவுல்லா!"

முதலில் சிரித்தது வாப்பாதான். பிறகு உம்மா. ஃபர்ஹத்துக்குச் சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. சித்தி ஜனாபா அப்போதும் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு கேள்வி பாக்கி வைத்திருந்தாள்.

"நான் கேக்கேன், நீ சொல்லு. நிக்காஹ முடிச்சிட்டுப் போறியா, போயிட்டு வந்து முடிக்கியா? ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படி. எவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்."

ஃபர்ஹத் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாப்பா மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தார்.

"முடிச்சிட்டே போறேன் மாமி."

அப்போதுதான் சித்தி ஜனாபா உட்கார்ந்தாள். டிபன் கேரியரைத் திறந்தாள். மேல் அடுக்கில், நல்ல காரியத்துக்குச் செய்கிற முட்டை இனிப்பான வட்டலப்பம் இருந்தது. சரி என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள்.

நிக்காஹை முன்கூட்டியே ஆகஸ்டில் வைத்தார்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹராக என்ன வேண்டும் என்று பெண்ணிடம் கேட்டு வரச் சொன்னார், நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஆலிம்சா. வழக்கமான பவுனோடு இன்னொன்றும் வேண்டும் என்று சொல்லியனுப்பினாள் ஃபர்ஹத்: ஒரு கோட்டு. பதிவேட்டில் எழுதப்போன ஆலிம்சா பேனாவை நிறுத்தினார்.

"எந்தக் கோட்டு? வக்கீல் கோட்டா?"

"இல்ல ஆலிம்சா, குளிர் கோட்டு," என்றான் ஆமிர்.

சபையே சிரித்தது. ஆனால் திருநெல்வேலியில் ஆகஸ்டு மாதத்தில் குளிர் கோட்டுக்கு எங்கே போவது? ஆமிர் அதற்கு முன்பே வழி கண்டுபிடித்திருந்தான். மீன் உறையவைக்கும் அறைக்குள் நின்று வேலை பார்த்தவனுக்குக் குளிரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். ஷார்ஜாவிலிருந்து வந்த கூட்டாளி ஒருவன் மூலம், கிடங்குத் தொழிலாளிகள் போடும் கனத்த கோட்டு ஒன்றைப் புதிதாகவே வரவழைத்திருந்தான். எந்தப் பனியையும் தாங்கும். ஒரே ஒரு குறை, முதுகு முழுக்க ஒரு மீன் கம்பெனியின் பெயர் அரபியிலும் ஆங்கிலத்திலும், நடுவில் ஒரு பெரிய நெய்மீன் படத்தோடும் இருந்தது.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வாப்பாவுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. எத்தனையோ தடவை வந்த இடம்தான், ஆனால் எப்போதும் உள்ளே போகிறவராகவே வந்திருக்கிறார். வெளியே நின்று பழக்கமில்லை. ஆமிருக்கும் அதே கதி. உம்மாதான் இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்கன வந்து நில்லுங்க. அந்தக் கண்ணாடிக்கு அப்பறம் ஆளு தெரியாது. இந்தத் தூணுகிட்ட நின்னா கடேசித் திருப்பம் வரைக்கும் தெரியும்."

வாப்பா அந்தத் தூணைப் பார்த்தார். பிறகு உம்மாவைப் பார்த்தார். "இங்கனயா நிப்ப நீ?" என்றார். "பின்ன?" என்றாள் உம்மா. அவர் அவள் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டார். கடைசித் திருப்பத்தில் ஃபர்ஹத் திரும்பிக் கையை ஆட்டியது மூன்று பேருக்கும் நன்றாகவே தெரிந்தது.

ஸ்காட்லாந்தில் அவளுடைய முதல் கட்டுரை படுத்துவிட்டது. தனக்குத் தெரிந்த முறையில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, ஓரத்தில் சுவரின் குறுக்குவெட்டுப் படமும் வரைந்து கொடுத்திருந்தாள். 'படம் அழகாக இருக்கிறது. வாதம் எங்கே?' என்று ஆசிரியர் எழுதியிருந்தார். கென்யாவிலிருந்து வந்திருந்த வஞ்சிரு என்ற இன்னொரு பொறியாளருக்கும் அதே நிலைமை. அவள் பாலம் வரைந்திருந்தாள். இரண்டு பேரும் நூலகத்தில் உட்கார்ந்து, தீர்ப்புகளைச் சுவரைப் பிரிப்பதுபோல் கல் கல்லாகப் பிரித்துப் படித்தார்கள். எந்தக் கல்லை உருவினால் மொத்தமும் சரியும் என்று தேடுவார்கள். அப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு படிப்பு பிடிபட்டது. 'நியாயமான அளவு கவனம்' என்றால் எவ்வளவு என்பதைப் பற்றி நூறு வருஷத் தீர்ப்புகள் இருந்தன. அவளுக்கு அது கல்யாணச் சாப்பாடு மாதிரி இருந்தது.

கோட்டு அவளுக்கு முன்னாலேயே பிரபலமாகிவிட்டது. மீன் கோட்டுப் பெண் என்றால் பல்கலைக்கழகத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஒருமுறை மழையில் நின்ற ஓர் அரபு மாணவர், கம்பெனியில் வேலை காலி இருக்கிறதா என்றே கேட்டுவிட்டார்.

ஊரில் ஆமிர் காத்திருக்கப் படித்துக்கொண்டிருந்தான். வாரம் ஒருமுறை மாமியார் வீட்டுக்குச் சாப்பிட வருவான். சித்தி ஜனாபாவும் வருவாள். இரண்டு உம்மாக்களும் அவனை நடுவில் உட்காரவைத்துக்கொள்வார்கள்.

"இன்னிக்கு எனக்குக் கிளாஸ் எடுத்தாங்க," என்பான் போனில்.

"என்ன சொல்லித் தந்தாங்க மச்சான்?"

"கோவமா இருக்கையில போன் போடாத, சண்டையில காசு போயிரும்னு உங்க உம்மா சொன்னாங்க. இப்ப போன் சும்மாதானன்னேன். அப்ப நல்லாச் சண்ட போடுன்னுட்டாங்க."

"போடுங்களேன்."

"என்னத்தச் சொல்லிச் சண்ட போட? நீ அங்கன நல்லா இருக்க, நான் இங்கன நல்லாச் சாப்பிடுதேன்."

சண்டை ஒருநாள் வந்தது. எதற்கு என்பது மறுநாள் இரண்டு பேருக்குமே மறந்துபோனது.

வசந்த காலத்தில் மாணவர்களுக்குள் நடுவர் விசாரணைப் போட்டி வைத்தார்கள். கற்பனை வழக்கு, ஆனால் சாட்சியாக வருபவர் உண்மையான பொறியாளர். ஃபர்ஹத்தும் வஞ்சிருவும் ஓர் அணி. இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார்கள். அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம் என்று சொன்னதுதான் தாமதம், சித்தி ஜனாபா தன் வீட்டுக் கூடத்தில் பெரிய டிவியில் ஆமிரை வைத்து இணைப்புக் கொடுத்துவிட்டாள். மாலை நேரம். தெருப் பெண்களெல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். கரோலினும் பாளையங்கோட்டையிலிருந்து வந்துவிட்டாள். அவளை மொழிபெயர்க்கச் சொன்னார்கள், ஆனால் யாரும் அவளைப் பேசவிடவில்லை.

திரையில் ஃபர்ஹத் எழுந்தாள். சாட்சி நாற்காலியில் உயரமான ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கட்டடத்தில் விரிசல் வந்த நாளைப் பற்றி அவர் சுற்றிச் சுற்றிப் பேசினார். அவர் எதைத் தவிர்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் தவிர்த்திருப்பாள். அவரிடம் கோபமே வரவில்லை. வெகு மரியாதையாக, அண்ணாச்சி ஒருவரிடம் பேசுவதுபோலவே கேட்டாள்: விரிசலைப் பார்த்ததும் முதலாளிக்குச் சொன்னீர்களா? சொன்னேன். எழுத்தில் சொன்னீர்களா?

அவர் தண்ணீர்க் குவளையை எடுத்தார்.

"தண்ணி குடிக்கான் பாரு, முடிஞ்சுது அவன் சோலி!" என்று கத்தினாள் சித்தி ஜனாபா. கூடமே கைதட்டியது. குவளையை வைத்துவிட்டு, அந்த மனிதர் ஒரு மாதிரியாகச் சிரித்து, இல்லை, வாயால்தான் சொன்னேன் என்றார். அதைக் கேட்டதும், சீவலப்பேரியில் தானும் வாயால் மட்டும் சொன்னது நினைவு வந்து ஃபர்ஹத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததைப் பார்த்து, ஜெயித்துவிட்டாள் என்று முடிவு செய்த சித்தி ஜனாபா அடுப்படியில் தயாராக இருந்த பாயசத்தை ஊற்றத் தொடங்கிவிட்டாள்.

அன்று ராத்திரி ஃபர்ஹத் போன் செய்தாள். "மச்சான், நாங்க ரெண்டாவது இடந்தான். எதிர்க் கட்சி நல்லாப் பேசினாங்க. எனக்கு நல்லாக் குறுக்கு விசாரணை பண்ணதுக்கு மட்டும் பரிசு."

"இங்க பாயசம் குடுத்தாச்சே."

"எத்தன பேருக்கு?"

"தெருவுக்கே."

ஃபர்ஹத் யோசித்தாள். "அப்ப ஜெயிச்சோம்னே இருக்கட்டும்."

படிப்பு நல்லபடியாக முடிந்து அவள் திரும்பி வந்தபோது, உம்மா காட்டிய அதே தூணருகில் ஆமிர் போய் நின்றான். வருகிறவர்கள் அந்த வழியாக வரமாட்டார்கள் என்று உம்மா சொல்லித்தரவில்லை. அவள் வெளியே வந்து, வண்டியில் சாமானையும் ஏற்றிவிட்டு, அவனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இப்போது பாளையங்கோட்டையில் கரோலினின் பெயர்ப்பலகைக்குக் கீழே ஃபர்ஹத்தின் பெயரும் இருக்கிறது. அவள் வக்கீல் இல்லை. கோர்ட்டில் நின்று வாதாட வேண்டுமென்றால் இங்கே மூன்று வருஷச் சட்டப் படிப்பும் படித்தாக வேண்டும், அதற்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அதுவரை கட்டட ஒப்பந்தம் எழுதுவது, கட்டுகிறவருக்கும் கட்டச் சொல்கிறவருக்கும் நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது என்று அவளுக்கு வேலை நெரிகிறது. ஒப்பந்தங்களைத் தமிழில்தான் எழுதுகிறாள். கையெழுத்துப் போடுமுன் இரண்டு பக்கத்தாரும் உரக்க வாசிக்க வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். வாசிக்கும்போதே பாதிச் சண்டை வந்து தீர்ந்துவிடுகிறது.

போன வாரம் வந்த கட்சிக்காரர் சித்தி ஜனாபாவேதான். மகனுக்கும் மருமகளுக்குமாக மாடியில் ஒரு வீடு கட்டுகிறாள். வேலையை ஏற்றவர் சொரிமுத்து கொத்தனார். மருமகள் எழுதிய ஒப்பந்தத்தை இரண்டு பேரும் மாறி மாறி வாசித்தார்கள்.

"இதுல எங்க ஊர்க் கோயில் கொடைக்கு லீவு போடலயே," என்றார் சொரிமுத்து. "கொடையன்னைக்குத் திருவிழாவ விட்டுட்டு நான் வரமாட்டேன். முன்னாலயே எழுதிருங்க."

"கொடைக்குப் போ, நான் வேண்டாம்னா சொன்னேன்? நோம்பு மாசத்துல வேல நடக்கணும்," என்றாள் சித்தி ஜனாபா.

"நடக்கும். சாயங்காலம் எங்களுக்கும் நோம்புக் கஞ்சி உண்டுன்னு அதையும் எழுதுங்க."

"கஞ்சியா? நீ கேக்கலன்னாலும் ஊத்துவேன். அத எதுக்குவே எழுதணும்?"

"பொறவு மறந்திருவீங்க மயினி."

"நானா மறப்பேன்?"

இரண்டு பேரும் ஃபர்ஹத்தைப் பார்த்தார்கள். ஃபர்ஹத் யார் பக்கமும் சாயாமல் பேனாவை எடுத்தாள். கஞ்சியோடு வடையும் உண்டா, எத்தனை பேருக்கு என்று கேட்டுக்கொண்டு அந்த வரியை எழுதினாள். சித்தி ஜனாபா அதை உரக்க வாசித்து, 'வடை' என்பதற்கு முன்னால் 'சூடான' என்று தானே சேர்க்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டாள். புதன்கிழமை செங்கல் இறங்கியது.